மூடுகிற வாசலில் ஓடுகிற நூல்



பாக்டீரியாவின் டிஎன்ஏவை இடம் பெயர்க்கும் நொதிகள், அவற்றின் அமைப்பு, அவை வேலை செய்யும் விதம்: இதுவே இன்றைய பொருள். நொதி என்றதும் உமிழ்நீர் சோற்றைச் செரிப்பதும், சலவைத் தூள் துணிக்கறையை நீக்குவதும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வெட்டும் நொதி தெரிந்தது. ஒட்டும் நொதி தெரிந்தது. இழுக்கும் நொதி? கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல் டிஎன்ஏவைப் பிடித்து இழுக்கும் நொதிகளும் உண்டு. உயிரியல் இதுவரை அளந்திருக்கும் மூலக்கூறு எந்திரங்களில் மிக வேகமானவற்றுள் அவையும் சேர்ந்தவை.

புதுச்சேரியில் இதைப் பற்றிப் பேசத் தனிக் காரணம் உண்டு. கோரிமேட்டுப் பக்கம், இந்திரா நகரில், விசிஆர்சி என்று ஊரார் அழைக்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1975-இல் அதைத் தொடங்கியது. முதல் இயக்குநர் பி.கே.ராஜகோபாலன். யானைக்கால் நோய் இந்நகரை வாட்டிய காலம் அது. அந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு பெருகும் இடம் சாக்கடை. 1981 முதல் 1985 வரை இந்நகரம் முழுவதையும் ஒரே களமாக எடுத்துக்கொண்டு, பல வழிகளை ஒன்றிணைத்துக் கொசுவை அடக்கும் திட்டம் இங்கே நடத்தப்பட்டது. கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவையும் அம்மையம் வளர்த்தெடுத்தது. பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் முழுப்பெயர். பிடிஐ என்பது வழக்கு. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் முதன்முதலாக அறியப்பட்ட இனம் இது. புதுச்சேரி மையத்தின் வகைக்கு விசிஆர்சி பி-17 என்று பெயர்.

இந்தப் பாக்டீரியாவை முதிர்ந்த நிலையில் நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் ஒரு குச்சி தெரியும். குச்சியின் ஒரு முனையில் முட்டை வடிவில் பளிச்சென்று ஒளிரும் ஒரு மணி. அதன் பக்கத்திலேயே கருமையாக ஒரு பொடிக்கல். ஒளிர்வது வித்து. கருமையாக இருப்பது நச்சுப் படிகம். சாக்கடை நீரில் தலைகீழாகத் தொங்கும் கொசுப்புழு, வாயிலுள்ள தூரிகை மயிர்களால் நீரைத் துழாவி இவற்றை விழுங்கிவிடும். புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே படிகம் கரைந்து, குடற்சுவரில் துளை விழுந்து, புழு ஒரு நாளுக்குள் சாகிறது. மனிதக் குடலிலோ மீனின் குடலிலோ இது நடப்பதில்லை.

படிகத்தின் கதை பலரும் சொல்லியாயிற்று. பக்கத்தில் இருக்கும் அந்த ஒளிர்மணியின் கதைதான் அதிகம் சொல்லப்படாதது. அந்த மணிக்குள் முழு டிஎன்ஏ எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பேசிலஸ் இனத்துக்கு உணவு இருக்கும்வரை கவலையில்லை. குச்சி நீளும், நடுவில் சுவர் எழும், இரண்டாகும். உணவு தீர்ந்தால் முறை மாறுகிறது. சுவர் நடுவில் எழாமல் ஒரு முனைக்கு மிக அருகில் எழுகிறது. பெரிய அறை ஒன்று, சிறிய அறை ஒன்று. பெரியது தாய்ச்செல், சிறியது வித்தாகப் போகும் செல். தாய் தன்னிடம் உள்ளதையெல்லாம் செலவிட்டுச் சிறியதை வளர்த்து, மேலே உறை மேல் உறையாகப் போர்த்தி, கடைசியில் தான் உடைந்து மடியும். வித்து மட்டும் மிஞ்சும். வெயிலையும் வறட்சியையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

சிக்கல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. சுவர் எழும் நேரத்தில் டிஎன்ஏ முழுவதும் சிற்றறைக்குள் வந்து சேர்ந்திருக்காது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே. மீதி வெளியே. நடுவில் சுவர். கதவில் வேட்டி சிக்கியதுபோல் குரோமோசோம் சுவரில் சிக்கி நிற்கிறது. அப்படியே விட்டால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பங்கு நூலை வைத்துக்கொண்டு எந்த வித்தும் முளைக்காது. சுவரை இறுக மூடினால் நூல் அறுந்துபோகும்.

இதன் அளவு மனத்தில் பதிய ஒரு கணக்கு உதவும். இத்துறையில் நன்கு ஆராயப்பட்டது பிடிஐயின் உறவினரான பேசிலஸ் சப்டிலிஸ். அதன் மரபெழுத்து முழுவதையும் ஐரோப்பிய, ஜப்பானிய ஆய்வகங்கள் சேர்ந்து 1997-இல் படித்து முடித்தன. அம்முயற்சியில் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மொத்தம் 42 லட்சம் எழுத்துகள். நூலை நீட்டினால் 1.4 மில்லிமீட்டர். செல்லின் நீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. டிஎன்ஏவை இழுக்கும் நொதி ஒரு வளையம். அதன் குறுக்களவு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அந்த வளையத்தை ஒரு கைவளையல் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்போது செல் 15 மீட்டர் நீளக் கூடம் ஆகிறது. டிஎன்ஏ விரல் தடிமனுள்ள கயிறு ஆகிறது. கயிற்றின் நீளம் எவ்வளவு? 7 கிலோமீட்டர். கடற்கரைக் காந்தி சிலையடியில் ஒரு நுனியைக் கட்டினால் மறு நுனி கோரிமேட்டைத் தாண்டிப் போகும். இத்தனை கயிறும் அந்த 15 மீட்டர் கூடத்துக்குள் சுருட்டிக் கிடக்கிறது. அதில் ஏறக்குறைய 5 கிலோமீட்டரை, மூடிக்கொண்டிருக்கும் ஒரு வாசல் வழியாக, சிக்கலில்லாமல், அறுந்துபோகாமல், பக்கத்துச் சிற்றறைக்குள் இழுத்துப் போட வேண்டும்.

அதைச் செய்வது யார்?

1994-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லிங் ஜுவான் வூவும் ஜெஃப் எரிங்டனும் விடையை வெளியிட்டார்கள். ஸ்போ-மூன்று-ஈ என்ற மரபணு பழுதான பாக்டீரியாக்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் சுவர் ஒழுங்காக எழுந்தது. ஆனால் சிற்றறைக்குள் மூன்றில் ஒரு பங்கு டிஎன்ஏ மட்டுமே இருந்தது. எல்லாச் செல்களிலும் அதே ஒரு பங்கு. மீதி சுவருக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டது. ஆக, இழுக்கும் எந்திரம் இந்த மரபணு தரும் புரதமே. எந்திரம் நின்ற இடத்தில் கயிறும் நின்றது. ஓடும்போது கண்ணுக்குத் தப்பும் ஒரு வேலையை, அது நின்றுபோன செல்லில் கண்டுபிடித்த அழகான சோதனை இது.

இனி அந்தப் புரதத்தின் உடலமைப்பு. ஸ்போ-மூன்று-ஈ 787 அமினோ அமிலங்களால் ஆனது. அதை மூன்று துண்டாகப் பார்க்கலாம். முதல் துண்டு சுவரின் சவ்வை நான்கு முறை ஊடுருவி நிற்கும் நங்கூரம். எந்திரம் வாசலிலேயே நிலையாக நிற்பது இதனால்தான். நடுத்துண்டு வளையக்கூடிய ஒரு இணைப்பு. கடைசித் துண்டு மோட்டார். மோட்டாருக்குள்ளும் மூன்று பகுதிகள்: ஆல்ஃபா, பீட்டா, காமா. ஒற்றைப் புரதம் தனியாக எதையும் இழுக்காது. ஆறு புரதங்கள் கூடி வட்டமாக நின்றால்தான் ஆல்ஃபாவும் பீட்டாவும் சேர்ந்து வளையமாகும். வளையத்தின் நடுவே ஓட்டை. டிஎன்ஏ அந்த ஓட்டை வழியே ஓடுகிறது.

வளையத்தின் வடிவம் முதலில் தெளிவானது ஸ்போ-மூன்று-ஈயின் உடன்பிறப்பான எஃப்டிஎஸ்கே என்ற நொதியில். 2006-இல் கேம்பிரிட்ஜில் யான் லூவேயின் குழு அதன் மோட்டார்ப் பகுதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் உருவம் கண்டது. நடு ஓட்டை 3 நானோமீட்டர். டிஎன்ஏவின் தடிமன் 2 நானோமீட்டர். உரசாமல் ஓட இடம் உண்டு. நழுவி ஆட இடமில்லை.

இயங்க எரிபொருள் வேண்டாமா? ஏடிபி என்ற மூலக்கூறுதான் எரிபொருள். பீட்டாப் பகுதியில் ஏடிபி வந்து உட்காரும் குழி இருக்கிறது. ஏடிபி அங்கே உடையும்போது ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் இடையிலுள்ள மூட்டு அசைகிறது. முழங்கை மடங்குவதுபோல் என்று சொல்லலாம். அந்த ஒரு மடக்கில் டிஎன்ஏ இரண்டு எழுத்து நகர்கிறது. மடக்கு, பிடி, நகர்வு. மடக்கு, பிடி, நகர்வு.

ஆறு கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கின்றனவா, முறை வைத்து இழுக்கின்றனவா? கடற்கரைக் குப்பங்களில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். வடத்தைப் பிடித்தவர்கள் வரிசையாகப் பின்னால் நடக்கிறார்கள். மணல்மேட்டை எட்டிய கடைசி ஆள் கையை விடுகிறார். அலையோரத்துக்குப் போய் வடத்தின் முன்பகுதியைப் பிடிக்கிறார். ஒருவர் விட்டாலும் மற்றவர்கள் பிடித்திருப்பதால் வலை கடலுக்குள் திரும்புவதில்லை. வளையத்தில் நடப்பதும் இதுவே. 2020-இல் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எஃப்டிஎஸ்கே டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் நிலையிலேயே படமானது. ஓட்டைக்குள் நீளும் விரல் போன்ற பகுதிகள், மாடிச் சுருள்படி மாதிரி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக டிஎன்ஏவின் முதுகெலும்பைத் தொட்டு நின்றன. கீழ்ப்படியில் உள்ளது கைவிட்டு மேல்படிக்கு வருகிறது. வளையம் முழுவதும் அது முறையாகச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு 12 எழுத்து. டிஎன்ஏவின் ஒரு முறுக்கில் ஏறத்தாழ 10.5 எழுத்து. இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால், வளையம் தான் சுழல வேண்டியதில்லை. கயிறும் பெரிதாக முறுக்கேறுவதில்லை.

வேகம்? ஒற்றை டிஎன்ஏ நூலை நுண்மணியில் கட்டி அளந்தவர்கள் கண்டது நொடிக்கு ஏறத்தாழ 5,000 எழுத்து. டிஎன்ஏவைப் படியெடுக்கும் எந்திரம் நொடிக்கு 1,000 எழுத்து ஓடும். ஆர்என்ஏ எழுதும் எந்திரம் 50 எழுத்தைத் தாண்டுவதே சிரமம். வளையல் கணக்குக்குத் திரும்பினால், அந்த வளையலுக்குள் கயிறு நொடிக்கு எட்டரை மீட்டர் பாய்கிறது. குரோமோசோம் வட்டமானது என்பதால் இரண்டு கரங்களும் ஒரே நேரத்தில் வாசலைக் கடக்கின்றன. ஏறத்தாழ 15 நிமிடத்தில் வேலை முடிகிறது. மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் ஏடிபி. பட்டினியில் கிடக்கும் ஒரு செல் தன் கடைசிச் சேமிப்பிலிருந்து கொடுக்கும் விலை அது.

இன்னொரு வேலையும் இந்த ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. டிஎன்ஏவின் மேல் எப்போதும் பல புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஆர்என்ஏ எழுதும் எந்திரமும் அவற்றில் ஒன்று. வளையத்தின் ஓட்டை குறுகலானது. ஒட்டியிருப்பவை உள்ளே நுழைய முடியாது. முருங்கைக்கீரையை உருவும்போது காம்பு விரலிடுக்கில் வழுக்கிப் போக, இலை மட்டும் உதிர்வதுபோல் அவை வெளியே உதிர்ந்துவிடுகின்றன. சிற்றறைக்குள் போய்ச் சேர்வது துடைத்த நூல்.

வாசலின் அமைப்பைப் பற்றி மட்டும் இரு கருத்துகள் உண்டு. சவ்வு முழுவதும் மூடிய பிறகு, நங்கூரத் துண்டுகள் இரு சவ்வுகளையும் துளைத்துக் குழாயாகி டிஎன்ஏவைக் கடத்துகின்றன என்பது ஒன்று. சவ்வில் சிறு இடைவெளி மிஞ்சியிருக்கிறது, கடத்தல் முடிந்த பிறகே அது அடைபடுகிறது என்பது மற்றொன்று. வழக்கு இன்னும் முடியவில்லை.

இத்தனையும் வலிமையின் கதை. இனி வருவது அறிவின் கதை. வளையத்துக்குக் கண் கிடையாது. வாசலின் இரு பக்கமும் டிஎன்ஏ இருக்கிறது. எந்தப் பக்கம் இழுப்பது? தவறான பக்கம் இழுத்தால் உள்ளே இருந்த ஒரு பங்கும் வெளியே வந்துவிடும். திசை அதற்கு எப்படித் தெரிகிறது?

திசை கயிற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. காமாப் பகுதி சிறியது, இழுக்காது, படிக்கும். ஜி, ஏ, ஜி, ஏ, ஏ, ஜி, ஜி, ஜி என்ற எட்டு எழுத்துச் சொல்லை அது தேடுகிறது. இந்தச் சொல் குரோமோசோம் நெடுகச் சிதறிக் கிடக்கிறது. ஆனால் சும்மா சிதறவில்லை. படியெடுத்தல் தொடங்கும் புள்ளியிலிருந்து முடியும் புள்ளியை நோக்கி, பெரும்பாலும் ஒரே திசையில் எழுதப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலையோரம் கிலோமீட்டர் கல்லில் அம்பு போட்டதுபோல். சுவர் எழும்போது தொடக்கப்புள்ளி சிற்றறையின் கடைக்கோடியில் கட்டப்பட்டிருக்கிறது. எனவே அம்பைப் பின்பற்றும் வளையம், மீதி நூலைச் சிற்றறைக்குள் தள்ளும் திசையிலேயே ஓடும். மரபெழுத்து என்றால் புரதம் செய்யும் குறிப்பு என்று மட்டுமே நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு புதுப் பாடம். இழுக்கும் ஆளுக்கான வழிகாட்டியும் அதே நூலில் இருக்கிறது.

அந்த 15 நிமிடத் தாமதமும் வீணல்ல. வித்துச் செல்லில் சிக்மா-எஃப் என்ற புரதம் விழித்தால்தான் வித்துக்கான மரபணுக்கள் இயங்கும். அதை அடக்கி வைக்கும் காவலாளிப் புரதம் ஒன்று உண்டு. அது விரைவில் சிதைவது, புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யும் மரபணுவோ கயிற்றின் பின்பகுதியில் இருக்கிறது. முதல் சில நிமிடம் சுவருக்கு வெளியே நிற்கிறது. காவலாளி குறைகிறது. சிக்மா-எஃப் விழிக்கிறது. மரபணு எங்கே இருக்கிறது என்பதே செய்தியாக மாறும் இந்த நுட்பத்தை 2001-இல் டுவொர்கினும் லோசிக்கும் எடுத்துக்காட்டினார்கள். இன்றைய பொருளில் மிக வியப்பான பகுதி இதுவே.

வித்து உண்டாக்காத பாக்டீரியாவுக்கு இந்த நொதி வேண்டாமா? வேண்டும். மனிதக் குடலில் வாழும் ஈகோலையில் அதன் பெயர் எஃப்டிஎஸ்கே. 1,329 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். எஃப்டிஎஸ் என்ற முன்னொட்டு, சூட்டில் இந்த மரபணுக்கள் பழுதானால் செல் பிரியாமல் நூல்போல் நீண்டுவிடும் என்பதைக் குறிப்பது. எஃப்டிஎஸ்கே செல்லின் நடுவில், பிரியும் சுவரில் நிற்கிறது. அதன் திசைச்சொல் வேறு: மூன்று ஜி, ஏதேனும் ஒரு எழுத்து, ஒரு ஏ, மீண்டும் மூன்று ஜி. 2005-இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இதற்குக் காப்ஸ் என்று பெயரிட்டார்கள்.

எஃப்டிஎஸ்கே தீர்க்கும் சிக்கல் இன்னொரு வகை. வட்டக் குரோமோசோமைப் படியெடுத்துப் பழுது பார்க்கையில், சில வேளை இரு வட்டங்களும் இணைந்து ஒரே பெருவட்டம் ஆகிவிடுகின்றன. ஈகோலையில் ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 15 செல்களில் இது நேர்கிறது. ஒரே பெருவட்டத்தை இரு செல்கள் பங்கிட முடியுமா? எஃப்டிஎஸ்கே அம்பைப் பின்பற்றி நூலை இழுத்து, டிஃப் என்ற 28 எழுத்து இடங்கள் இரண்டையும் சுவரருகே எதிரெதிராகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அங்கே எக்ஸ்இஆர்-சி, எக்ஸ்இஆர்-டி என்ற இரு நொதிகள் காத்திருக்கின்றன. காமாப் பகுதி தொட்டவுடன் எக்ஸ்இஆர்-டி வெட்டி ஒட்டும் வேலையைத் தொடங்குகிறது. பெருவட்டம் மீண்டும் இரு வட்டமாகிறது. திசை காட்டும் அதே பகுதி, சேர வேண்டிய இடம் வந்ததும் அடுத்த ஆளையும் எழுப்பிவிடுகிறது. காலராப் பாக்டீரியாவில் இந்த டிஃப் இடத்தைக் களவாக வைத்துக்கொண்ட ஒரு வைரஸ் உண்டு. காலரா நச்சின் மரபணுவைச் சுமந்து வரும் அவ்வைரஸ், எக்ஸ்இஆர் நொதிகளைக் கொண்டே தன்னைக் குரோமோசோமில் செருகிக்கொள்கிறது.

இதுவரை சொன்னது ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் இடமாற்றம். ஒரு பாக்டீரியாவிலிருந்து முன்பின் அறியாத இன்னொரு பாக்டீரியாவுக்கு டிஎன்ஏ போவதும் உண்டு. அங்கேயும் வாசலில் நிற்பது ஆறு பேர் கூடிய ஒரு வளையம். எஃப்டிஎஸ்கேயின் தூரத்து உறவு. முதலில் ரிலாக்சேஸ் என்ற நொதி, பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு டிஎன்ஏ வட்டத்தின் ஒரு இழையை மட்டும் ஓரிடத்தில் வெட்டி, வெட்டு முனையைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பிறகு இழையின் தலைப்பில் தானும் ஒட்டியபடி வாசலைக் கடந்து அடுத்த செல்லுக்குள் போகிறது. ஊசியோடு நூல் போவதுபோல். என்டிஎம்-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணு இந்தியாவிலும் பிரிட்டனிலும் பரவியதை 2010-இல் உலகுக்கு அறிவித்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த மரபணு பெரும்பாலும் பயணம் செய்தது இத்தகைய பிளாஸ்மிட்களில்தான்.

இந்தப் பயணத்தின் வேகம் அளக்கப்பட்டது பாரிசில். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த 1954-க்கு அடுத்த ஆண்டு, பாஸ்டர் நிறுவனத்தில் எலீ வொல்மானும் பிரான்சுவா ஜக்கோபும் இரு வகை ஈகோலைகளை ஒன்றாகக் கலந்து வைத்தார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்துச் சமையலறை மிக்சியில் போட்டுச் சுற்றினார்கள். ஒட்டியிருந்த செல்கள் பிரிந்தன. ஓடிக்கொண்டிருந்த இழை பாதியில் அறுந்தது. எத்தனை நிமிடத்தில் எந்த மரபணு கடந்திருக்கிறது என்று பார்த்துக் குரோமோசோமின் வரைபடத்தையே வரைந்துவிட்டார்கள். முழுக் குரோமோசோமும் கடக்க 100 நிமிடம். நொடிக்கு ஏறத்தாழ 770 எழுத்து. எஃப்டிஎஸ்கேயின் வேகத்தில் ஆறில் ஒரு பங்குதான். முழுதும் கடக்கும்வரை ஒட்டியிருக்கும் செல்கள் மிகச் சில. பெரும்பாலானவை இடையிலேயே பிரிந்துவிடும். பிளாஸ்மிட் சிறியது, சில நிமிடத்தில் முழுதாகப் போய்ச் சேரும். கொடுத்த செல் தன்னிடம் மிஞ்சிய இழைக்கு எதிரிழை எழுதிக்கொள்கிறது; வாங்கிய செல்லும் வந்த இழைக்கு எதிரிழை எழுதிக்கொள்கிறது. இரண்டிடமும் முழு வட்டம் இருக்கிறது. வாங்கிய செல்லில் சில புரதங்கள் உருவாகி முடிந்ததும் அதன் சவ்விலும் அதே வளையம் அமைகிறது. பக்கத்தில் ஒட்டும் அடுத்த செல்லுக்கு அது கொடுக்கத் தொடங்குகிறது.